தொண்ணூற்றேழு சதவீதம்

அழித்தேன்.
நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்றது.
ஆமாம் என்றேன்.
அணைத்துத் திறந்தால்
அதே இடத்தில் அதே பெயரில் இருக்கிறது,
வாசல் வழியே அனுப்பிய விருந்தாளி
கொல்லை வழியாக வந்து
சாப்பிடக் கை கழுவுவதுபோல.

முதலில் வெறும் எரிச்சல்தான்.
பயிர்க் காப்பீட்டுப் பக்கத்தைத் திறந்தால்
சூதாட்ட மேசை விரியும்.
சிட்டா எடுக்கப் போனால்
யாரோ ஒரு பெண் தோளைக் காட்டிச் சிரிப்பாள்.
கவியரசன் எட்டாவது படிக்கிறான்.
திரையை மறைக்க
ஈரக் கையோடு ஓடிவருவேன்.

பிறகு ஒரு மதியம்
காமிராவுக்குப் பக்கத்துச் சின்ன விளக்கு
தானாக எரிந்தது.
தலை துவட்டிக்கொண்டிருந்தேன் அப்போது.
நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து
அதன் கண்ணில் ஒட்டினேன்.

முத்துப்பேட்டை கம்ப்யூட்டர் கடை சபுரா
போனில் சொன்னாள்:
"மொதல்ல நெட் வயரைப் பிடுங்கு.
சேஃப் மோடுல தொற.
பேரைப் பாத்து ஏமாந்துறாதே,
விண்டோஸுக்குச் சொந்தக்காரன் மாதிரியே
பேரு வச்சிருக்கும்.
ஒரு எழுத்துதான் மாறும்."

ஒரு எழுத்து.
எங்கள் பட்டாவிலும் அப்படித்தான்,
ஒற்று ஒன்று விட்டுப்போய்
மாமனார் நிலம் இரண்டு வருடம்
வேறு யாருடையதாகவோ இருந்தது.

முதல் ஸ்கேன்
தொண்ணூற்றேழு சதவீதத்தில் கரண்ட் போனது.
இரண்டாவது ஸ்கேனும் தொண்ணூற்றேழுதான்.
மூன்றாம் நாள் மும்முனை வரும் நேரம் பார்த்து
மோட்டார் போடுகிறவர்கள் விழித்திருக்கும் சாமத்தில்
நானும் விழித்திருந்தேன்.
வயல்பக்கம் தண்ணீர் விழும் சத்தம்.
திரையில் பச்சைக் கோடு
எறும்பைப்போல ஊர்ந்தது.

இருநூற்றுப் பதினான்கு.
ஒவ்வொன்றாக எடுத்தேன்.
இரண்டு மட்டும் மிஞ்சின.
ஒன்றைக் கொன்றால் மற்றது
அதைப் பிழைக்க வைக்கும்.
கோரையை மேலே அறுத்துவிட்டு
வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்களை
நான் நம்புவதில்லை.
கிழங்குக்குக் கீழே நூல்மாதிரி ஒரு வேர்,
அதன் நுனியில் இன்னொரு கிழங்கு.
ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கி
நூலைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அங்கே இருந்தது
உருவான தேதி.
புயலுக்கு நாற்பதாம் நாள்,
எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பிய அன்று.
இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
கோப்பின் பெயர்
நிவாரணப் பட்டியல் புதியது.

நான் தூங்கிப்போயிருந்தேன் அன்று.
முப்பத்தோரு தென்னையும் கிடந்தன
முறிந்தபடி, கொல்லை முழுக்க.
வீரசேகரன் அதை அமுக்கியிருக்கிறார்.
திறக்கவில்லை. மறுபடி அமுக்கியிருக்கிறார்.
ஒன்பது தடவை.

ஒரு குறுவை, ஒரு சம்பா,
அத்தனை நாளும் எங்கோ ஒருவன்
எங்களைப் படித்துக்கொண்டிருந்தான்.
நகையை மீட்கக் கெடு எத்தனை நாள்,
கூட்டுறவு வங்கியில் ஆயிரத்து நூற்று நாற்பது,
இரவில் நான் தேடிய
மார்பில் கட்டி வலிக்குமா வலிக்காதா,
எல்லாம் தெரியும் அவனுக்கு.
கணக்கைப் பார்த்துவிட்டு
அவனே ஏதாவது போட்டிருக்கலாம்.

இரண்டையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்தேன்.
நிச்சயமாக அழிக்க வேண்டுமா.
பட்டியலையும் சேர்த்துத்தான்.
அணைத்தேன். திறந்தேன்.
இல்லை.
நம்பாமல் இன்னொரு தரம். இல்லை.
பாஸ்வேர்டுகளை மாற்றும்போது விடிந்துவிட்டது.
பழையது எல்லாவற்றுக்கும்
கவியரசன் பெயர்தான்.

டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்,
"எங்கேருந்து வந்துச்சாம்?"
"எல்லார் வீட்டுக்கும் வருதாம்" என்றேன்.
தலையாட்டினார்.
மண்வெட்டியைத் தோளில் வைத்து
மடை பார்க்கக் கிளம்பியவர்
படலைத் தாண்டி நின்றார்.
திரும்பாமலே கேட்டார்:
"தொறந்துச்சா?
நம்ம பேரு இருந்துச்சா அதுல?"